மறுநாள் வைத்தால் சரியாகிவிடும்

மயில்சாமி மைக்கைப் பிடித்தால் லேசில் விடுகிற ஆள் இல்லை என்பது வடிவு பம்ப்ஸில் எல்லோருக்கும் தெரியும். வேறொரு நாளாக இருந்தால், மேடையில் அவனுக்குப் பின்னால் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்த முதலாளி சென்னியப்பன் ஒரு தடவை தொண்டையைச் செருமியிருப்பார். மச்சினனும் சாடை புரிந்து வாலைச் சுருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பான். இன்றைக்கு அவர், இந்தப் பாவி பேசிக்கொண்டே இருக்கட்டும், பொழுது சாயும்வரை பேசட்டும் என்று பழனியாண்டவரை வேண்டிக்கொண்டிருந்தார். இவன் முடித்தால் மகள் பிரதீபா பேசுவாள். அவள் முடித்தால் மைக் அவர் கைக்கு வரும். வந்தால் என்ன சொல்வது? காலையில் குளிக்கும்போது தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே முழுப் பேச்சையும் ஒப்பித்துப் பார்த்தார், ஒரு சொல் பிசகவில்லை, கடைசி வரியில் தனக்கே தொண்டை அடைத்தது. இப்போது அதில் ஒரு சொல்கூட இல்லை. துடைத்துவிட்ட மாதிரி போய்விட்டது. துடைத்துவிட்ட மாதிரி என்று நினைத்ததும் அந்த நினைப்பைப் பாதியில் விட்டார். தகரக் கூரையின் வெக்கை தலையில் இறங்கியது, பொன்னாடையின் சரிகை பிடரியில் அறுத்தது, பின்பக்கம் விருந்துக்குத் தாளிக்கிற நெடி மூக்கில் ஏறியது, இத்தனைக்கும் நடுவில் யாரோ ஒரு பெண்பிள்ளை அவர் காதுக்குள் உட்கார்ந்துகொண்டு சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: மறுநாள் வெச்சா சரியாப் போயிருமுங்க.

அந்தக் காது சாமானியப்பட்ட காது இல்லை என்றுதான் மயில்சாமி மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தான். "எங்க மச்சானுக்கு ஆண்டவன் குடுத்தது ரெண்டு காது இல்லீங்க, ரெண்டு மீட்டருங்க" என்றான். கூட்டம் கை தட்டியது. அவன் சொன்னதில் பொய்யென்று ஒன்றும் இல்லை, கோயமுத்தூரில் பம்ப் செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஓடுகிற மோட்டாரின் முதுகில் ஒரு நீளத் திருப்புளியின் நுனியை ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார் சென்னியப்பன். பேரிங் எப்படி உட்கார்ந்திருக்கிறது, ரோட்டார் எங்கே உரசுகிறது எல்லாம் அதில் வந்துவிடும். நல்லதானால் சாக்பீஸால் ஒரு டிக். ஆகாவிட்டால் ஒரு பெருக்கல் குறி. பெருக்கல் விழுந்த மோட்டார் அன்றைக்கு லாரி ஏறாது. பிரித்துச் சரிசெய்து மறுநாள் அவர் முன்னால் வரும், மறுபடி திருப்புளி, மறுபடி காது, "இப்பப் பாரு, வீணை மாதிரி இருக்குது" என்று சிரித்துக்கொண்டே டிக் போடுவார். முப்பது வருஷத்துக்கு மேல் அவர் காதைத் தாண்டாமல் ஒரு பம்ப் கேட்டைத் தாண்டியதில்லை. அந்த வழக்கத்தைத்தான் இன்றைக்கு விடுகிறார். மகாராஷ்டிராவிலிருந்து பெரிய ஆர்டர் ஒன்று வருகிறது, அடுத்த மாதம் அவர்கள் ஆள் வந்து பார்ப்பார்கள், ஒவ்வொரு பம்ப்புக்கும் அதிர்வை அளந்த கணக்கு கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும், முதலாளியின் காதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த ஆர்டர் கை நழுவினால் வடநாட்டு மலிவு பம்ப்புகளோடு இனிமேல் மல்லுக்கட்ட முடியாது, இரண்டு வருஷத்தில் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். பிரதீபா ஒன்றரை வருஷமாகத் தலைபாடாக அடித்துக்கொண்டு, ஒரு வழியாக அப்பாவை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டாள். ராஜா முடியை இறக்கிவைக்கிற மாதிரி அவர் திருப்புளியை இறக்கிவைக்கப் போகிறார், அதற்குத்தான் பந்தல், பூ, விருந்து, இந்த எழவெடுத்த பொன்னாடை எல்லாம்.

காலையில் முன்வாசலில் பந்தல் வேலை நடந்ததால் டிரைவர் காரைப் பின்பக்கம் விட்டான், அவ்வளவுதான் நடந்தது. அந்த வழியாக அவர் வந்தே பல வருஷம் ஆகியிருக்கும். தினமும் போடுகிற காக்கிக் கோட்டு இல்லை, பட்டுக்கரை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக, மாப்பிள்ளை மாதிரி லோடு ஏற்றுகிற கொட்டகைக்குள் நுழைந்தார். ஒரு பெண் வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஈரத்துணியால் ஒரு மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள் போல, பெயர் நவமணி என்று சட்டையில் மாட்டிய அட்டையில் இருந்தது. சுத்தமாக வேலை செய்கிறாளே என்று சந்தோஷப்பட்டுத்தான் நின்றார், "என்னம்மா பண்ணிட்டிருக்கறே?" என்று கேட்டார். "கோட்டை அழிக்கறேனுங்க" என்றாள். எந்தக் கோட்டை? "இந்தப் பெருக்கல் கோட்டைத்தானுங்க. பெரியய்யா போடறது. துடைச்சு அந்தப் பக்கம் தள்ளிப்போடோணுமுங்க." ரிப்பேருக்கா என்று கேட்டார். அவள் சிரித்தாள். "ரிப்பேரு என்னத்துக்குங்க? ஒண்ணும் பண்றதில்லீங்க. மறுநாள் வெச்சா சரியாப் போயிருமுங்க." அவருக்கு முதலில் புரியவில்லை. புரியவில்லையா, புரிய வேண்டாம் என்று உள்ளே ஏதோ கதவைச் சாத்தியதா? "ஆரு இப்பிடித் துடைக்கச் சொன்னது?" என்று கேட்டபோது குரல் தன்னுடையது மாதிரி இல்லை. "சேந்த அன்னைக்கே சொல்லிக்குடுத்தாங்க. இங்க அதுதான் வழக்கமுங்க" என்றாள் அவள். பிறகு அவர் வேட்டியைப் பார்த்து, "விசேசத்துக்கு வந்தீங்களாட்ட இருக்குது. இந்தப் பக்கமா வாங்க, அங்க ஆயிலு கொட்டிக் கெடக்குது, கறையாயிரும்" என்று வழிவிட்டாள். அவர் அவள் காட்டிய பக்கமாகவே நடந்து வந்தார். அவர் தொழிற்சாலையில் அவருக்கே வழி காட்டிவிட்டாள். திரும்பிப் பார்த்தபோது நேற்று அவர் போட்ட பெருக்கல் பாதி அழிந்து ஒரு சாய்வுக் கோடாக நின்றது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறார், ஒரு முழு மனுஷனையே மறைக்க முடியுமா? எப்போதிருந்து? நேற்றா, போன வருஷமா, ஆரம்பத்திலிருந்தேவா? ஆரம்பத்திலிருந்து இருக்காது, ஆரம்பத்தில் அவரே ஸ்பேனரைப் பிடித்துப் பேரிங்கை இழுத்திருக்கிறார், பழுது கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது, பேரிங் குண்டில் பொடிப் புள்ளி, இதோ பார் என்று உள்ளங்கையில் வைத்துக் காட்டியிருக்கிறார். அப்போது ஆட்கள் எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். அது மெய்தானே? அது மெய்தான். அப்படியானால் எந்த இடத்தில் மெய் பொய்யாகத் திரும்பியது? ஒருநாள் அவசர லோடாக இருந்திருக்கும், லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்திருப்பான், பிரிக்க நேரமில்லாமல் யாரோ துடைத்து வைத்திருப்பான், இவரும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு வீணை என்றிருப்பார். ஐயோ, வீணை என்றிருப்பார். அன்றைக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிப் போய்ச் சிரித்திருப்பார்களா? சிரித்திருந்தால்கூடத் தேவலை. அந்த நவமணி சிரிக்கவில்லையே, ஏளனம் செய்யவில்லையே, சட்டி கழுவுகிற மாதிரி அல்லவா செய்துகொண்டிருந்தாள். ஒருவன் சொல்ல வந்தான். ஆமாம், ஒருவன் வந்தான், ஒல்லியாக ஒரு ஃபிட்டர், பெயர்கூட நினைவில்லை, "அய்யா, இதே மோட்டாரை நேத்து வேண்டாம்னீங்க, நான் ஒண்ணும் பண்லீங்க" என்று தலையைச் சொறிந்தான். அவர் கோபிக்கவே இல்லை, சத்தியமாகக் கோபிக்கவில்லை, சிரித்தார். "உன்ற காதை எங்கயாச்சும் அடமானம் வெச்சுப்போட்டியா?" என்று கேட்டார். சுற்றி நின்ற எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு இவ்வளவு தூரம் நீளும் என்று யார் கண்டார்கள்? ஒரு ஆளை அடித்திருந்தாலாவது நாலு பேர் நியாயம் கேட்டிருப்பார்கள். அதற்கப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை. துணியை எடுத்துக்கொண்டார்கள்.

இரு, இரு, காது சரியாகவே இருந்து, மோட்டார்தான் பழுதாக இருந்தால்? இப்படியொரு நினைப்பு வந்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படியானால் அத்தனை வருஷமும் பழுதான மோட்டார்கள் லாரி ஏறிப் போயிருக்க வேண்டும், எவனோ ஒரு விவசாயியின் கிணற்றில் இறங்கி, ஒரு சித்திரையில் நின்றுபோயிருக்க வேண்டும், தென்னை குருத்தோடு காய்ந்திருக்க வேண்டும். வந்த புகார்களை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். ராய்ச்சூர் டீலர் ஒரு தடவை கத்தினான், அது கேபிள். நாந்தேடில் இரண்டு, அது வோல்டேஜ். காதில் பட்ட பழுது ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஒன்றே ஒன்று வந்திருக்கக்கூடாதா? எங்கோ ஒரு தோட்டம் காய்ந்திருக்கக்கூடாதா, எவனோ ஒருவன் கடன்பட்டுப் போட்ட வெள்ளாமை கருகிப்போய், நீங்க சொன்னது நிசந்தானுங்க என்று வந்து நின்றிருக்கக்கூடாதா? நினைத்துவிட்டுத் திடுக்கிட்டுப் போனார். என்ன மனுஷன் நான், எவனுடைய காடு காய வேண்டும் என்று பார்க்கிறேன், என்னுடைய காதுக்காக. உள்ளங்கை வேர்த்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டார். அந்தத் துடைப்பும் பிடிக்காமல் கையை எடுத்துத் தொடையின் மேல் சும்மா வைத்துக்கொண்டார், அது யாரோ வைத்துவிட்டுப் போன கை மாதிரி கிடந்தது.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில், தலைமாட்டில் இருந்த ஆக்சிஜன் மிஷினின் சத்தம் சரியில்லை என்று அவருக்குப் பட்டது. பேரிங் தேய்ந்துவிட்டது, மாற்றச் சொல்லுங்கள் என்று நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த மலையாளத்துப் பெண் "சரி சார், மாற்றியாச்சு சார்" என்று மறுநாள் சொன்னாள். சத்தம் இதமாக இருந்தது, நிம்மதியாகத் தூங்கினார். மாற்றினாளா? சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் இவர் சொன்னாரென்று நாதஸ்வரக்காரனை ஸ்ருதி சரிபார்க்கச் சொன்னார்களே, அவன் தலையை ஆட்டி என்னவோ செய்தானே, செய்தானா? வீட்டில் ஃப்ரிட்ஜ், மிக்ஸி, தண்ணி மோட்டார், எதைச் சொன்னாலும் "சரிங்க" என்று ஒரு குரல் வரும், மறுநாள் சரியாகிவிடும். பூம்பூம் மாட்டுக்காரனுக்கு ஒரு மாடுதான் தலையாட்டும், இவருக்கு ஊரே ஆட்டியிருக்கிறது. முன்வரிசையில் மனைவி தெய்வானை உட்கார்ந்திருந்தாள், அரக்குச் சேலையில், மடியில் கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. தினமும் காலையில் அவள் கொடுக்கிற காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை பத்தாது என்பார். ஒருநாளும் மறுத்துப் பேசமாட்டாள், டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போவாள், ஸ்பூன் சத்தம் கேட்கும், திரும்பக் கொண்டுவருவாள், சரியாக இருக்கும். ஸ்பூன் சத்தம் கேட்கும். சர்க்கரை டப்பாவின் மூடி திறக்கிற சத்தம்? அதை என்றைக்காவது கேட்டிருக்கிறாரா? மூடியின் சத்தத்தை நினைவில் தேடினார், தேடத் தேட ஸ்பூன் மட்டும் டம்ளருக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. தெய்வானை அவர் பார்ப்பதைப் பார்த்து, என்னங்க என்பது போல் புருவத்தைத் தூக்கினாள். அவர் அவசரமாகக் கண்ணை நகர்த்திக்கொண்டார். நாற்பது வருஷம் குடித்தனம் செய்தவளைப் பார்த்துப் பயமாக இருந்தது.

கைதட்டல் கேட்டது. மயில்சாமி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நெற்றியைத் துண்டால் ஒற்றிக்கொண்டே, "எப்பிடீங் மச்சான், பேச்சு?" என்று குனிந்து கேட்டான். நன்றாக இருந்தது என்று தலையாட்டினார். பாருங்கள், தானும் ஆட்டுகிறார். தொழிற்சாலை வேலையெல்லாம் மேற்பார்க்கிற இவனுக்குத் தெரியாமல் அங்கே ஒரு துணி நனையுமா? ஆனால் இவன் மேல் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம், கோபம் வர வேண்டிய இடத்தில் வெறும் திகில் உட்கார்ந்திருந்தது. பிரதீபா மைக் முன்னால் நின்றிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்காது. பெங்களூரில் படித்து வேலை பார்த்துவிட்டு வந்து மூன்று வருஷம், மாடியில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருப்பவள், அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் ஒன்றரை வருஷம் எதற்காக அப்பாவோடு மல்லாடினாள்? சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவைத்து அழுதிருக்கிறாள், "உங்க காது தப்புன்னு நான் சொல்லலப்பா, ஆனா காதைக் காட்டி ஆர்டர் வாங்க முடியாது" என்று கெஞ்சியிருக்கிறாள், அவர் ஒருநாள் ஆத்திரத்தில் நீ பெங்களூருக்கே போ என்றுகூடச் சொல்லியிருக்கிறார். ஒரே வரியில் அவரை மண்ணைக் கவ்வ வைத்திருக்கலாமே. இல்லை, அவளுக்குத் தெரியாது, இந்த ஒரு பிள்ளைக்காவது தெரியாது. அதைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார். அவள் புது மிஷினைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்: மோட்டாரின் மேல் காந்தத்தோடு சென்சார் ஒட்டும், அதிர்வு அளவுக்குள் இருந்தால் பச்சை விளக்கு, மீறினால் சிவப்பு, சோதனையாக ஓட்டிப் பார்த்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பச்சை. கூட்டம் கை தட்டியது. அதே கைதட்டல். இவர் காது இரண்டு மீட்டர் என்றபோது தட்டியதற்கும் இதற்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. அந்த ஒலி அவர் எலும்பில் ஏறியது. இவர்கள் காதுக்குத் தட்டவில்லை, மிஷினுக்கும் தட்டவில்லை. யார் மேடையில் நிற்கிறார்களோ அவர்களுக்குத் தட்டுகிறார்கள். காதை எடுத்துவிட்டு மிஷினை வைத்தால் என்ன மாறப்போகிறது? பெருக்கலைத் துடைத்தவர்களுக்குச் சிவப்பைத் துடைக்கத் தெரியாதா? அடுத்த மாதம் மகாராஷ்டிரா ஆள் வந்து நிற்கும்போது எது பச்சை, எது துடைத்த பச்சை? திருப்புளியை இறக்கி வைக்கிறேன் என்று தொண்டை அடைக்கப் பேசி, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு விருந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள், விட வேண்டியது மட்டும் அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும்.

"அப்பா, வாங்க" என்றாள் பிரதீபா. எழுந்தார். கால் இருந்தது, நடந்தது. மைக்கை வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். பிறகு எந்தப் பேச்சும் வராத வாயிலிருந்து இது வந்தது: "நான் பெருக்கல் போட்ட மோட்டாரைத் துடைச்சுப் போட்டு, ஒண்ணும் பண்ணாம மறுநாள் மறுக்கா வெக்கறீங்க. அது தெரிஞ்சவங்க கையைத் தூக்குங்க." பின்பக்கம் சமையல்காரன் கரண்டியால் அண்டாவைத் தட்டிக்கொண்டிருந்தான், அந்தச் சத்தமும் நின்றது. மயில்சாமி "மச்சான்" என்று பாதி எழுந்தான். கூட்டத்தில் தலைகள் எல்லாம் குனிந்தன, ஒரு கை அசையவில்லை. கோபிக்க மாட்டேன் என்று சொல்லலாமா என்று பார்த்தார், அதை எத்தனை முதலாளி எத்தனை தடவை சொல்லியிருப்பான். தன்னுடைய வலது கையைத் தானே மேலே தூக்கினார். "எனக்கும் தெரியும். இன்னைக்குக் காத்தாலதான் தெரிஞ்சுது" என்றார். நடுவில் ஒரு கை எழுந்தது. அதற்குப் பக்கத்தில் ஒன்று. பிறகு மழைக்குக் குடை விரிகிற மாதிரி வரிசை வரிசையாக எழுந்தன, லேத்துக்காரர்கள், பெயின்ட் அடிக்கிறவர்கள், டீ கொண்டுவருகிற அம்மாள், கேட்டில் நிற்கிற வாட்ச்மேன். தெய்வானை கைப்பையை மடியில் வைத்துவிட்டுத் தூக்கினாள். மயில்சாமி தரையைப் பார்த்துக்கொண்டு தூக்கினான். பக்கவாட்டில் மட்டும் திரும்பக் கூடாது என்று நினைத்தார், நினைத்துக்கொண்டே திரும்பினார். பிரதீபா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள், அவள் கையும் மேலே இருந்தது.

ஒன்றரை வருஷம் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறாள், ஒரு வரியைச் சொல்லாமல். அவருக்கு அழுகை வந்தது, அதைவிடப் பெரிதாகப் பயம் வந்தது, பெற்ற பிள்ளையாலும் சொல்ல முடியாத அளவுக்கு நான் யார்? "சரி" என்றார். "இந்தப் புது மிஷினு சிவப்பு விளக்குப் போட்டா என்ன பண்ணுவீங்க?" யாரும் கையை இறக்கவில்லை. அப்புறம் மோட்டாரை ஓட்டிப் பார்க்கிற டெஸ்ட் பெட்டில் வேலை செய்கிற குழந்தைவேலு என்ற நடுவயசுக்காரர், தூக்கிய கையோடு எழுந்து நின்றார். பிரதீபாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முதலாளியைப் பார்த்தார். "பண்ணுவோம்ங்கறது என்னுங்க, இப்பவே பண்ணிட்டுத்தானுங்க இருக்கறோம். சிவப்பு எரிஞ்சா சென்சாரைக் கொஞ்சம் தள்ளி ஒட்டி மறுக்கா ஓட்டுவோமுங்க. பச்சை வந்துருமுங்க." பிரதீபாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, சொல் இல்லை, மிதிபட்ட மாதிரி ஒரு சத்தம். "மாமா?" என்று மயில்சாமியைப் பார்த்தாள். "நீ சங்கடப்படுவியேன்னுதான் அம்முணி" என்றான் அவன் துண்டுக்குள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. காலையில் கொட்டகையில் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று சென்னியப்பனுக்கு அப்போது தெரிந்தது. பொன்னாடையைக் கழற்றி மேஜைமேல் போட்டார். தன்னுடைய நாற்காலியை மேடையின் விளிம்புக்கு இழுத்து மகளை அதில் உட்காரவைத்தார், அவர் அவளுக்குப் பக்கத்தில் மேடைப் பலகையிலேயே காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். விருந்து ஆறட்டும் என்று தோன்றியது. "சொல்லுங்க குழந்தைவேலு" என்றார், "எந்தப் பக்கம் தள்ளி ஒட்டுவீங்க?"